முகமறியாத செவி

சுக துக்கங்களில் பங்குகொண்டு வருஷக்கணக்காய்ப் பழகிய பந்துமித்திரர்களிடத்தில் வாய் திறந்து சொல்லமாட்டாத மனோவியாகூலத்தை, பேரும் ஊரும் தெரியாத ஒருவரிடத்தில், அதுவும் கைப்பேசியின் மறுமுனையில் எங்கோ உட்கார்ந்திருப்பவரிடத்தில், மனிதர்கள் தாராளமாகக் கொட்டிவிடுகிறார்களே, இதென்ன விந்தை என்று இணையவழி மனநல ஆலோசனையைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் பெரியவர்கள் வியக்கிறார்கள். எனக்கு அதில் விந்தை ஒன்றும் தோன்றவில்லை. பந்துக்களிடம் சொன்ன துக்கம் அடுத்த கல்யாணப் பந்தியில் இலைதோறும் பரிமாறப்படும் என்பது நம் குடும்பங்களில் பிறந்த எவருக்கும் தெரியும். கேட்பவர் அந்நியராக இருப்பதே மருந்தில் பாதி என்பது என் அபிப்பிராயம்.

வியன்னாவில் ஸிக்மண்ட் பிராய்டு, நோயாளியைச் சாய்வு மஞ்சத்தில் படுக்கவிட்டு, அவர் பார்வையில் படாதபடி தலைமாட்டுக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வார். நாள் முழுவதும் பிறர் தம்மை உற்றுப் பார்ப்பது சகிக்கவில்லை என்று அவரே காரணம் எழுதியிருக்கிறார் என்றாலும், எதிரில் முகம் இல்லாதபோது நா கட்டவிழ்கிறது என்பதும் அந்த ஏற்பாட்டினால் விளங்கிற்று. 1953இல் லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார், தற்கொலை எண்ணத்தோடு தவிப்பவர்கள் கூப்பிடுவதற்கென்று தமது ஆலயத்தில் தொலைபேசி வைத்தார். அங்கே நேரில் வந்து காத்திருந்தவர்களில் பலர், தேநீர் கொடுக்க வந்த தொண்டர்களிடமே மனம் விட்டுப் பேசி ஆறுதலடைந்து, பாதிரியாரைப் பார்க்காமலே போய்விட்டார்களாம். நிபுணரல்லாதவரின் பொறுமையான செவிக்கும் சக்தி உண்டு என்ற அந்த அநுபவத்தின் வழியில் வந்ததுதான், டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986இல் சென்னையில் தொடங்கிய ‘சிநேகா’. இப்போது மத்திய சர்க்காரே 2022 அக்டோபர் 10 முதல் ‘டெலி மானஸ்’ சேவையை நடத்துகிறது. 14416 என்ற எண்ணைக் கூப்பிட்டால் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

செவி கிடைத்துவிட்டது, பேசுவதற்குத் தனியிடம் எங்கே? எங்கள் குடியிருப்பில் ஒரு பிள்ளை, மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கும் துணிக்கொடிக்கும் நடுவே நின்று தாழ்ந்த குரலில் நெடுநேரம் பேசுவான். “யாரோடடா இத்தனை நாழி?” என்று தாயார் மாடிப்படியிலிருந்து கேட்டால், “ஆபீஸ் கால்மா” என்பான். ஆலோசகரிடம் பேசியதாகப் பிற்பாடு அவனே சொன்னான். நோயாளியின் அந்தரங்கத்தைக் காக்க 2017இல் சட்டமே வந்திருக்கிறது; ஆனால் இரண்டு அறை வீட்டுச் சுவருக்கு எந்தச் சட்டம் புரியும்?

மனக்கிலேசப்பட்ட தம்பதிகள் விஷயத்தில் திரை ஒரு விசித்திர நியாயம் செய்கிறது. ஆலோசகரின் அறையில் நாற்காலியை முன்னே இழுத்துப்போட்டுக்கொண்டு புருஷன் குரலை உயர்த்தினால் மனைவி குறுகிப்போகிறாள். அவர் ஹைதராபாத்திலும் அவள் மதுரையிலுமாக இருந்து பேசும்போதோ, இருவருக்கும் ஒரே அளவுச் சதுரந்தான்.

பதற்ற நோய்க்கு இந்த வசதி உபகாரம், அபாயமுங்கூட. அஞ்சியதைத் தவிர்க்கத் தவிர்க்க அச்சம் வளர்வது அந்நோயின் சுபாவமாகையால், வெளியே போகப் பயப்படுகிறவனுக்கு வீட்டுக்குள்ளேயே சிகிச்சை கிடைத்துவிட்டால் அவன் வெளியே போவானேன்? கெட்டிக்கார ஆலோசகர் அவனைக் கைப்பேசியும் கையுமாகத் தெருமுனை வரையிலும், பிறகு பஸ் ஸ்டாப் வரையிலும், பிறகொரு நாள் நெரிசலான பஸ்ஸில் ஒரு ஸ்டேஜ் தூரமும் அனுப்பி, காதோடு கூடவே போகிறார். நாற்காலியில் இருத்தியே மாதக்கணக்கில் தேறுதல் சொல்லிக்கொண்டிருப்பவர் நல்ல மனிதராக இருக்கலாம்; ஆனால் அவர் நோய்க்கு உடந்தை.

குடி விஷயத்தில் திரை தோற்றுவிடுகிறது. முகம் தெரிகிறது, மேஜைக்குக் கீழே நடுங்கும் விரல்கள் தெரிவதில்லை, வாடையும் வருவதில்லை. நெடுங்காலம் தினந்தோறும் மிதமிஞ்சிக் குடித்தவன் திடீரென்று நிறுத்தினால், இரண்டு மூன்று நாளைக்குள் வலிப்பும் சித்தப்பிரமையும் கண்டு பிராணாபாயம் நேரக்கூடும். அவனுக்கு வேண்டியது ஆஸ்பத்திரிக் கட்டில். குடியினால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய சிகிச்சை நிலையம், குடித்தவரோடு அவர் வீட்டாரையும் அழைத்துவைத்துப் பேசுகிறது.

தொலைபேசிக்கு அங்கே வேலையே இல்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை. 1935 மே மாதம் அமெரிக்காவில் அக்ரன் நகரத்து ஹோட்டலில், வியாபாரம் கெட்டுப்போய், பக்கத்து மதுக்கூடம் அழைக்க நின்ற பில் வில்சன், அங்கிருந்த தேவாலயப் பட்டியலைப் பார்த்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, தம்மைப்போல் அவதிப்படும் இன்னொரு குடிகாரரைத் தேடினார். கிடைத்தவர் டாக்டர் பாப் ஸ்மித். கால்மணி நேரத்துக்கு மேல் இருக்கமாட்டேன் என்று வந்தவர், ஆறு மணி நேரத்துக்கும் மேலாக எதிரே உட்கார்ந்து பேசினார். அதற்குப் பிறகும் ஒருமுறை தடுமாறிக் குடித்தார். கடைசியாக அவர் குடித்தது ஜூன் 10ஆம் தேதி. அவ்விருவரும் தொடங்கிய ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ சங்கம் தன் வயதை அன்றிலிருந்துதான் கணக்கிடுகிறது.