துப்பாக்கி ஏந்தியவளும் பரிசாகக் கொடுக்கப்பட்டவளும்

1851இல் லண்டனில் வெளியான ‘டஹோமியும் டஹோமியரும்’ என்ற நூலில் ஒரு பெண்ணின் படம் இருக்கிறது. ஒரு கையில் துப்பாக்கி, மறு கையில் வெட்டுண்ட தலை. செ-தோங்-ஹோங்-பே என்று பெயர் குறித்திருக்கிறார்கள். நூலாசிரியர் ஃபிரெடரிக் ஃபோர்ப்ஸ், பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி. இன்றைய பெனின் நாட்டில் உள்ள அபோமே நகருக்கு, அடிமை வணிகத்தைக் கைவிடும்படி மன்னர் கெஸோவிடம் பேசச் சென்றவர்.

அன்றைய ஆங்கில வாசகருக்கு அந்தப் படம் காட்டுமிராண்டித்தனத்தின் சான்று. இன்று நமக்கு அதுவே பெண் வீரத்தின் சான்று. ஐரோப்பியர் வைத்த ‘அமேசான்கள்’ என்ற பெயரை விட்டு அகோஜியே என்கிறோம். பெயர் திருந்திவிட்டது. பார்வை திருந்தியிருக்கிறதா?

அரசவைச் சடங்கு என்பதே பிறர் பார்ப்பதற்காக நடத்தப்படுவது. டஹோமியின் ஆண்டுச் சடங்குகளில் படைப்பெண்கள் மன்னர் முன் அணிவகுத்தார்கள், ஆடினார்கள், சூளுரைத்தார்கள். வெளிநாட்டு விருந்தினர்கள் அதைப் பார்க்க அமர்த்தப்பட்டார்கள். மன்னருக்கு அந்தப் பெண்கள் தன் வலிமையின் காட்சி. அதிகாரிக்குத் தன் நாட்டாரைத் திகைக்க வைக்கும் காட்சி. ஆக, அந்தப் படத்தை வரைந்தது ஐரோப்பியக் கை மட்டுமல்ல. அரண்மனையும் சேர்ந்தே வரைந்தது. அவளை யாரும் கேட்கவில்லை.

அதே நூலில் ஒரு சிறுமியின் படமும் உண்டு. டஹோமிப் படை அவள் ஊரைத் தாக்கிச் சிறைபிடித்தது. 1850இல் கெஸோ அவளை விக்டோரியா அரசிக்குப் பரிசாக ஃபோர்ப்ஸிடம் கொடுத்தார். மறுத்தால் அவள் உயிர் போகும் என்று ஃபோர்ப்ஸ் கருதினார். தன் குடும்பப் பெயரையும் தன் கப்பலின் பெயரையும் சேர்த்து அவளுக்குச் சூட்டினார்: சாரா ஃபோர்ப்ஸ் பொனெட்டா.

இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் நம் கொண்டாட்டம் தடுமாறுகிறது. துப்பாக்கி ஏந்தியவளை மட்டும் போற்றினால், சூறையாடப்பட்ட ஊர்களை மறக்க வேண்டும். சிறுமிக்கு ஆதரவு தந்த அரசியை மட்டும் போற்றினால், ஒரு பெண்குழந்தை இரண்டு அரியணைகளுக்கு நடுவே பண்டமாகக் கைமாறியதை மறக்க வேண்டும். அதைப் பெற்றுக்கொண்ட அரியணையில் இருந்தவரும் ஒரு பெண்தான். அகோஜியே படையிலோ, போரில் பிடிபட்டு வந்த பெண்களும் இருந்தார்கள். சிறுமிக்கும் வீராங்கனைக்கும் இடையிலான தூரம் நாம் நினைப்பதைவிடக் குறைவு.

பெண் கையில் ஆயுதம் வந்தால் அது விடுதலை ஆகிவிடுமா? அந்த ஆயுதம் யாருடையது, யாரை நோக்கி நீட்டப்பட்டது என்று கேட்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. அவளை இழிவுபடுத்திய பார்வையை மறுப்பது நம் கடமை. அதற்காக அவளைக் குற்றமற்ற தெய்வமாக்க வேண்டியதில்லை. இழிவும் துதியும் ஒன்றையே செய்கின்றன: அவளை மனுஷியாக இருக்க விடுவதில்லை. தவறு செய்யவும், தவறுக்குள் தள்ளப்படவும் கூடியவளாக அவளைப் பார்ப்பதுதான் நாம் அவளுக்குத் தரக்கூடிய மரியாதை.