தராசின் மறுபக்கம்

பசறைத் தோட்டங்களில் கொழுந்து மடுவத்தைக் கண்டவர்க்குத் தராசைப் பற்றி நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பறித்தவள் ஒருத்தி, நிறுப்பவர் வேறொருவர். ஈரத்துக்கும் கூடைக்கும் எவ்வளவு கழிக்கிறார் என்பதில் அவளுடைய கூலி தங்கியிருக்கிறது. ஆயினும் அவள் அங்கே நிற்கிறாள், முள்ளைப் பார்க்கிறாள், குறைந்தால் கேட்கிறாள்.

உரியவன் காணாத தராசொன்றும் இந்நாட்டில் உண்டு. 1929ஆம் ஆண்டின் நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் 1984இல் திருத்தப்பட்டபோது, 2 கிராமோ அதற்கு மேலோ ஹெரோயின் வைத்திருப்பவனுக்கு மரண தண்டனை அல்லது ஆயுட்சிறை என்றாயிற்று. பசறையில் கைப்பற்றப்படும் பொட்டலம் முத்திரையிடப்பட்டு, கொழும்பை அடுத்துள்ள அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களத்துக்குச் செல்கிறது. அங்கே தூளின் மொத்த நிறையன்று, அதிலுள்ள தூய ஹெரோயினின் நிறையே கணக்கிடப்படுகிறது. 10 கிராம் தூளில் ஐந்திலொரு பங்கு தூயதெனில் எல்லை எட்டப்படுகிறது. சற்றுக் குறைந்தால் தண்டனையே வேறு. 1976க்குப் பின் இங்கு எவரும் தூக்கிலிடப்படவில்லை என்பது உண்மை. ஆயுள் முழுதும் சிறையென்பது சிறிய காரியமா?

பிறர் தொட்டால் குற்றமாகும் பொருள், மருத்துவரும் மருந்தாளரும் பகுப்பாய்வாளரும் தொட்டால் கடமையாகிறது. இவ்வேறுபாடு எங்கிருந்து பிறக்கிறது? பட்டத்திலிருந்து என்பர் சிலர். நாம் அதை ஏற்கோம். 1961ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கை இப்பொருள்களை மருத்துவத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் மட்டுமே உரியன என வரையறுத்தது. அனுமதி தேவைக்கு அளிக்கப்பட்டதேயன்றி, ஆளுக்கு அளிக்கப்பட்ட சலுகையன்று. எனவேதான் பூட்டிய அலமாரி, பதிவேடு, கைமாறுந்தோறும் கையொப்பம், உடையாத முத்திரை ஆகிய இத்தனையும் வேண்டப்படுகின்றன.

கற்றவரை நம்பாத விதிகள் அவரை அவமதிக்கின்றன என்று குறைகூறுவோர் உளர். விதி அவருடைய நாணயத்தை ஐயுறவில்லை; அவ்விடத்தில் இல்லாதவனை மதிக்கிறது. பதிவேடென்பது, ஆய்வுகூடத்துக்கு வரமுடியாத லயத்து மனிதனின் கண்.

ஆனால் விதியைக் காத்தால் மட்டும் அறம் நிறைந்துவிடாது. பதிவேடு பிழையின்றி இருக்கலாம். அறிக்கை மாதக்கணக்கில் தாமதிக்கலாம். அது தாமதிக்குமளவும் ஒருவன் விளக்கமறியலில் கிடக்கிறான். அவன் வீட்டில் ஒரு கூலி குறைகிறது. அந்நாட்களை எந்தத் தராசு நிறுக்கிறது?

மடுவத்தில் முள்ளைப் பார்த்து நிற்பவளின் மகன் நாளை குற்றவாளிக் கூண்டில் நிற்கக்கூடும். குற்றம் செய்திருப்பின் தண்டனை பெறட்டும். ஆயினும் சரியாகவும் காலத்திலும் நிறுக்கப்படும் உரிமை அவனுக்கும் உண்டு. அதை வழங்குவது கருணையன்று, கடன்.