பார்வையாளரா, பங்காளரா?



1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமாயிற்று. குருக்கள் வெளியேற்றப்பட்டனர், கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது. 1687இல் புனித யோசவ் வாஸ் அடிகளார் வந்துசேரும்வரை, ஏறக்குறைய 30 ஆண்டுகள், தம்மோடு தங்கிப் பூசை நிறைவேற்றக் குருவின்றி நம் முன்னோர் வாழ்ந்தனர். ஆயினும் விசுவாசம் அழியவில்லை. பெற்றோர் வீடுகளில் செபங்களைச் சொல்லிக்கொடுத்தனர். பின்னர் அடிகளாரும் மூப்பர், அண்ணாவிமாரை நியமித்து, தாம் இல்லாத நாட்களில் மக்களை வழிநடத்தச் செய்தார்.

இன்று குருவானவர் இருக்கிறார்; கோவிலும் திறந்திருக்கிறது. நம்மில் சிலரோ பிரசங்கம் முடியும்வரை வெளியே மரநிழலில் நிற்கிறோம். பாடுவது பாடகர் வேலை, மறைக்கல்வி கன்னியர் வேலை என்கிறோம். திருச்சபையைக் கிறிஸ்துவின் உடல் என்றார் புனித சின்னப்பர். ஓர் உறுப்புச் சோர்ந்தால் முழு உடலுமன்றோ நோகும்? வழிபாட்டில் முழுமையாக, உணர்வோடு பங்குகொள்வது ஞானஸ்நானம் தந்த உரிமையும் கடமையும் என 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கற்பித்தது.

ஆகவே, வரும் ஞாயிறு பிள்ளைகளோடு முன்னே வாருங்கள். பாடுங்கள், பதிலுரையுங்கள். பூசை முடிந்ததும் பங்குத்தந்தையிடம், "சுவாமி, நான் என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். பூசையின்றியே விசுவாசத்தைக் காத்தவர்களின் பிள்ளைகள், பூசையிருக்க அதை இழந்துவிடலாமா?