செவிலி இல்லாத அருள்

மகளுக்கு ஒரு பிள்ளை பிறந்த நாளிலிருந்து ஒரு பெண்ணின் அன்பு ஒரு பக்கமாகச் சாய்கிறது. ஊரில் அதே வாரம் பிறந்த மற்றப் பிள்ளைகளின் இருமலைவிடத் தன் பேத்தியின் இருமல் அவளை அதிகம் வருத்தும். இதை யாரும் குற்றமாகச் சொல்வதில்லை. ஆனால் நீதியைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் வேறு கணக்கு வைக்கிறோம்: எல்லாப் பிள்ளைகளும் சமம், பிறப்பால் எவருக்கும் கூடுதல் பங்கு இல்லை. அப்படியானால் சமத்துவத்தை மனமார நம்பும் ஒரு பெண் அம்மம்மா ஆகும்போது தன் கொள்கையிலிருந்து ஒரு படி இறங்கிவிடுகிறாளா? ஆம் என்கின்றன துறவு நெறிகள். பற்று உள்ளவரை பார்வை நேராகாது என்பது அவற்றின் தீர்ப்பு. சமத்துவம் பேசும் இக்காலச் சிந்தனையாளர் சிலரும் வேறு வழியால் அதே இடத்துக்கு வருகிறார்கள். குடும்பம் வழியாகச் சொத்து இறங்கும்வரை பிள்ளைகள் ஒரே கோட்டிலிருந்து தொடங்க முடியாது என்கிறார்கள். இரு சாராரையும் மதிக்கிறேன். ஆனால் இருவரும் இந்த இடத்தில் தவறுகிறார்கள் என்பது என் துணிபு. மட்டக்களப்பின் நாவற்குடாவிலும் அதைச் சுற்றியுள்ள வாவிக்கரை ஊர்களிலும் பெண்வழியாக வீடு கைமாறும் வழக்கம் அதற்குச் சான்று.

வள்ளுவர் இந்தக் கேள்வியைத் தொட்டிருக்கிறார். அதுவும் துறவறம் பேசும் இடத்தில் அல்ல, பொருள் தேடுவதைப் பற்றிய அதிகாரத்தில். அருள் என்பது அன்பு பெற்ற குழந்தை, அதைச் செல்வம் என்னும் செவிலி வளர்க்கிறாள் என்பது 757ஆம் குறளின் கருத்து. அன்பு தொடர்புடையவர் மேல் செல்வது, அருள் தொடர்பு பாராமல் வருந்துவோர் எல்லார் மேலும் செல்வது, முன்னது முதிர்ந்தே பின்னது தோன்றும் என்று பரிமேலழகர் விளக்குகிறார். ஆகவே தன் பிள்ளையிடம் கொண்ட சாய்வு எல்லோருக்குமான இரக்கத்துக்குப் பகையல்ல, அதன் தாய். எனினும் குறளின் இரண்டாவது பாதியை நாம் விரைவாகக் கடந்துவிடுகிறோம். பிறந்த குழந்தை தானாக வளராது. கையில் ஒன்றுமில்லாதவளின் அன்பு எவ்வளவு ஆழமானாலும் அயல்வீட்டுப் பிள்ளையின் பசிவரை எட்டாது. அருள் வளர வேண்டுமானால் அன்புடையவளிடம் ஒரு வீடு, ஒரு துண்டுக் காணி, அதைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை இருக்க வேண்டும்.

மட்டக்களப்பின் தாய்வழி மரபு அந்த உரிமையைப் பெண்ணிடம் வைத்தது. குடி என்னும் குலப்பிரிவு தாய்வழியாக இறங்குகிறது. முக்குவச் சட்டம் எனப்பட்ட பழைய மரபுரிமை வழக்கம், 1876ஆம் ஆண்டின் திருமண உரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டத்துக்குப் பிறகு நீதிமன்றங்களில் வலுவிழந்தது. ஆனாலும் வீடு பெண்ணுக்கே என்ற நடைமுறை சீதன வீடாக நின்று நிலைத்தது. மூத்த மகள் கல்யாணம் முடித்ததும் தாய் வாழ்ந்த வீடு அவளுக்குப் போகிறது; பெற்றோரும் இளையவர்களும் அதே வளவில் அல்லது பக்கத்து வளவில் கட்டிய இன்னொன்றுக்கு மாறுகிறார்கள்; அடுத்த மகளின் முறை வரும்போது அதுவும் கைமாறுகிறது. மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வந்து குடியேறுகிறார். நாவற்குடாவைத் தாண்டி மஞ்சந்தொடுவாய், அதற்கப்பால் காத்தான்குடி. அங்கே முஸ்லிம் குடும்பங்களிலும் இதே வழக்கம்தான். மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்றே இந்தக் கரையில் பல ஆண்டுகள் ஆய்ந்து 2008இல் வெளியிட்ட நூலில், தமிழரும் முஸ்லிம்களும் பங்கிடும் இந்தத் தாய்வழி அமைப்பை விரிவாகக் காட்டுகிறார்.

இதில் என்னை நிறுத்தி யோசிக்கவைப்பது ஒன்று. பேத்தி பிறக்கும்போது அம்மம்மா பெரும்பாலும் அந்த வீட்டின் உரிமையாளராக இல்லை. தான் ஆண்ட அடுப்படியை ஏற்கனவே கொடுத்துவிட்டாள். தான் காணப்போகாத ஒரு காலத்துக்காக, திருப்பிக் கேட்க முடியாதபடி கொடுத்த பின்புதான் அவள் அந்த உறவுப்பெயரைப் பெறுகிறாள். துறவு நெறி அஞ்சுகிற பற்று பிடித்துவைக்கும் பற்று. இங்கே பற்று ஆழமாக ஆழமாகக் கை திறக்கிறது. ஒளவையார் பேரில் வழங்கும் நல்வழி மனிதரை இடுவோர், இடாதோர் என்ற இரண்டு சாதியாக மட்டுமே பிரிக்கிறது. பேரப்பிள்ளை இல்லாத ஒரு பாட்டியின் வாயில் தமிழ் மரபு அந்தச் சமத்துவத்தை வைத்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

இந்த ஏற்பாட்டை அரசு கவனிக்காமல் நீதி செய்யப் புறப்பட்டால் என்ன நேரும் என்பதை 2004 திசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் கண்டோம். நாவலடியிலும் கல்லடியிலும் டச்பாரிலும் கடல் கொண்டுபோன வீடுகள் பல, பெண்களின் சீதன வீடுகள். கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் மீளக் கட்டக்கூடாது என்ற அறிவிப்பு வந்தது. குடும்பங்கள் உள்ளே அரச காணிகளில் குடியமர்த்தப்பட்டன. படிவம் குடும்பத் தலைவரின் பெயரைக் கேட்டது. புதிய உரித்து பெரும்பாலும் ஆணின் பெயரில் எழுதப்பட்டது. மட்டக்களப்பின் பெண்கள் அமைப்புகள் அப்போதே இதைச் சுட்டிக்காட்டிப் போராடின. எவரிடமும் பாகுபாடு காட்டும் எண்ணம் அந்தப் படிவத்துக்கு இருந்திருக்கத் தேவையில்லை. ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடு என்ற எண்ணிக்கைச் சமத்துவம் அதில் இருந்தது. ஆனால் தாயிடமிருந்து மகளுக்கு இறங்கிவந்த ஒன்று அலையில் போய், நிவாரணத்தில் வேறொருவருக்குத் திரும்பி வந்தது. அரச காணிகளை ஆளும் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வாரிசுரிமையில் ஆண்பிள்ளைக்கு முதலிடம் கொடுத்தது. அது திருத்தப்பட 2022 வரை ஆயிற்று. அன்பின் கையிலிருந்து செவிலியைப் பிரித்தெடுக்கும் சட்டம் எவ்வளவு நடுநிலையாக எழுதப்பட்டாலும் நீதியாகாது.

எதிர்வாதங்கள் வலுவானவை. முதலாவது, பாட்டிமாரே அடக்குமுறைச் சங்கிலியின் கடைசிக் கண்ணியாகவும் இருந்திருக்கிறார்கள் என்பது. மணிமேகலைக் காப்பியத்தில் பேத்தியைக் குலத்தொழிலுக்குத் திருப்பப் பாடுபடுகிறவள் அவளுடைய பாட்டி சித்திராபதிதான். தாய் மாதவி விடுவித்த பிள்ளையை அவள் உதயகுமரனைத் தூண்டிவிட்டு மீட்கப் பார்க்கிறாள். எந்தச் சாதியில் சம்பந்தம் செய்யலாம், எந்தக் குடிக்குக் கோயிலில் எந்த மரியாதை என்பதையெல்லாம் மறவாமல் காப்பதில் நம் ஊர்ப் பாட்டிமாருக்கும் பங்குண்டு. மறுக்கமாட்டேன். ஆனால் சித்திராபதி பேத்திக்குக் கொடுக்க விரும்பியது எது? தன் பிழைப்பைத் தொடர ஒரு வாரிசையே அவள் தேடினாள். பிள்ளையைத் தன்னிடம் திருப்பிக் கேட்டாள். கொடுத்துவிட்டு விலகும் அன்பையும் கொடுத்ததற்கு வட்டி கேட்கும் அன்பையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது.

இரண்டாவது எதிர்வாதம் எனக்கு இதைவிடக் கடினமானது. வீடு பெண்ணுக்கு என்ற வழக்கம், வீடில்லாத பெண்ணுக்குக் கல்யாணம் இல்லை என்ற நிர்ப்பந்தமாகவும் ஆகிவிட்டது. சகோதரன் தன் வாழ்வைத் தள்ளிவைத்து உழைக்கிறான். தாய் மத்திய கிழக்குக்கு வீட்டுப் பணிப்பெண்ணாகப் போகிறாள். பிள்ளையை அம்மம்மா வளர்க்கிறாள். 2013இல் அரசு கொண்டுவந்த குடும்பப் பின்னணி அறிக்கை முறை ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையின் தாயைப் போகவிடாமல் தடுத்தது. மற்றத் தாய்மாரிடம் பிள்ளையை யார் பார்ப்பார் என்று கேட்டது. அந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் ஒரு பாட்டியின் பெயரே விடை. ஆனால் அவள் உழைப்புக்குக் கூலியோ ஓய்வோ உண்டா என்று எந்தப் படிவமும் கேட்கவில்லை. ஆகவே மரபை அப்படியே காப்பாற்றச் சொல்வது என் வாதமல்ல. பெண்ணிடம் உரித்து இருப்பது அறம். அந்த உரித்தைக் கல்யாணச் சந்தையின் விலையாக்கியது அநீதி. முதலாவதை வைத்துக்கொண்டு இரண்டாவதை ஒழிக்க முடியும்.

மூன்றாவது கேள்வி, அன்பு உண்மையில் வேலியைத் தாண்டுமா என்பது. 1990 ஆகஸ்ட் 3 இரவு காத்தான்குடியின் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். சிறுவர்களும் அதில் அடக்கம். அடுத்த மாதம் 9ஆம் திகதி மட்டக்களப்பு நகரின் வடக்கே சத்துருக்கொண்டானில் 180க்கும் மேற்பட்ட தமிழரை, கைக்குழந்தைகள் உட்பட, இராணுவம் கொன்றது. தன் பிள்ளைக்கு நீதி கேட்கும் ஒருத்தி அடுத்த ஊர் உம்மம்மாவின் பிள்ளையையும் எண்ணாவிட்டால், அவள் கேட்பது பழிக்குப் பழி மட்டுமாகச் சுருங்கக்கூடும். ஆனால் அவளுக்கு அந்த இழப்பைப் புரியவைக்கக் கொள்கை விளக்கம் தேவையில்லை. பேரப்பிள்ளையை வளர்த்த கையே போதிய அறிவு. பற்றில்லாதவருக்கு அந்த அறிவு எட்டுவது அரிது. துறவியான விபுலாநந்தர்கூட 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கினார். அவர் சார்ந்த இராமகிருஷ்ண மிஷனின் இல்லங்களில் பெற்றோரற்ற பிள்ளைகள் வளர்ந்தார்கள். பிறர் பிள்ளைகளைத் தம் பிள்ளைகளாக்கும் அந்தத் துறவு, குடும்ப அன்பை விரித்து வாழ்வதற்கு வெகு அருகில் இருக்கிறது.

அடுத்த வெள்ளத்துக்கோ புயலுக்கோ பின் பிரதேச செயலகத்தில் நிரப்பப்படும் படிவம் குடும்பத் தலைவர் யார் என்பதற்கு முன், இழந்த வீடு யாருடைய உரித்தில் இருந்தது என்று கேட்கட்டும். சீதனமாகக் கொடுக்க எதுவுமில்லாத தாயின் மகளுக்கு, கல்யாணம் ஆனாலும் ஆகாவிட்டாலும், அரச காணியில் அவள் பெயரிலேயே ஒரு அனுமதிப்பத்திரம் கிடைக்கட்டும். இந்த இரண்டாவதற்குப் பணம் எங்கே என்று கேட்பார்கள். இப்போது அந்தப் பணத்தைக் குவைத்திலும் சவூதியிலும் பிறர் பிள்ளைகளைப் பார்த்து உழைக்கும் தாய்மாரும், ஊரில் கூலியில்லாமல் பேரப்பிள்ளைகளை வளர்க்கும் அம்மம்மாமாருமே கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.