எந்தத் துப்பாக்கியில் பாவம் குறைவு?

போன வருஷம் அக்டோபரில் என் அறைத்தோழன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். "12 வாங்கட்டுமா, 20 வாங்கட்டுமா, 28 வாங்கட்டுமா?"

மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஒரு செமஸ்டர் படிக்க அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்துக்குப் போயிருந்தேன். அறைத்தோழன் அந்த ஊர் விவசாயக் குடும்பத்துப் பையன். அவன் கேட்டது பறவை வேட்டைத் துப்பாக்கியைப் பற்றி. நானோ பதினாறு வயசிலிருந்து சைவம். "நீ மெக்கானிக்கல் படிக்கிறவன்தானே, கணக்குப் போட்டுச் சொல்லு" என்றான்.

நான் பதில் சொன்னேன். சொல்லியிருக்கலாமா கூடாதா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம். அங்கே ஃபெசன்ட் என்றொரு பறவை உண்டு. நம்ம காட்டுக்கோழியின் குடும்பம்தான். சேவலுக்குக் கழுத்தில் வெள்ளை வளையம், நீண்ட வால். ஆசியாவிலிருந்து கொண்டுபோய் விடப்பட்ட பறவை, இன்றைக்கு அந்த மாநிலத்தின் சின்னமே அதுதான். 1919-இல் முதல் வேட்டைப் பருவம் தொடங்கியது. இப்போதும் அக்டோபர் மூன்றாம் சனிக்கிழமை வந்தால் ஊரே வயல்காட்டில் இருக்கும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு மூன்று சேவல்தான். பெட்டையைச் சுடக்கூடாது. 1937-இல் வந்த ஒரு சட்டப்படி, வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் கட்டும் 11 விழுக்காடு வரி வனவிலங்குப் பாதுகாப்புக்குப் போகிறது. "நாங்க சுடுறதாலதான் இந்தப் புல்வெளி மிச்சம் இருக்கு" என்பான் அவன். அதை என்னால் முழுசா ஏத்துக்கவும் முடியல, முழுசா மறுக்கவும் முடியல.

இனி அந்த எண்கள். கேஜ் என்பது மில்லிமீட்டர் அளவு இல்லை. ஒரு ராத்தல் ஈயத்தைச் சமமான 12 உருண்டைகளாக்கினால், அதில் ஓர் உருண்டை சரியாக நுழையும் குழல் 12 கேஜ். 20 உருண்டைகளாக்கினால் 20 கேஜ். ஆக, எண் கூடக்கூடக் குழல் சின்னதாகும். 12-இன் விட்டம் ஏறக்குறைய 18.5 மில்லிமீட்டர், 20-க்கு 15.6, 28-க்கு 14. ஆனால் பறவை வேட்டையில் குழலிலிருந்து போவது ஒற்றைக் குண்டு அல்ல. நூற்றுக்கணக்கான சின்ன ஈய ரவைகள் ஒரு கூட்டமாக விரிந்து போகும்.

நான் யோசிக்காமல் சொன்ன முதல் பதில், "28 வாங்கு." சின்னக் குழல், குறைஞ்ச ரவை, பறவைக்கும் தப்பிக்க ஒரு வாய்ப்பு. இருக்கிறதுலேயே பாவம் குறைஞ்ச துப்பாக்கி அதுதான்னு நினைச்சேன்.

அவன் தலையை ஆட்டினான். "எந்தக் கேஜா இருந்தாலும் ரவை போற வேகம் கிட்டத்தட்ட ஒண்ணுதான். தனி ரவை ஒண்ணு படுற அடியும் ஒண்ணுதான். மாறுறது எண்ணிக்கை மட்டும். ரவை குறைஞ்சா பறவை தப்பிக்காது. அடிபட்டும் சாகாம பறந்து போய் ரெண்டு நாள் கழிச்சு எங்கயோ புல்லுல சாகும்."

அன்றிரவு கணக்குப் போட்டேன். 6-ஆம் எண் ஈய ரவை ஓர் அவுன்ஸில் சுமார் 225 இருக்கும். 12 கேஜில் வழக்கமாகப் போடும் ஒன்றேகால் அவுன்ஸுக்கு 281. 20 கேஜில் ஓர் அவுன்ஸ், 225. 28-இல் முக்கால் அவுன்ஸ், 169. குழல் வாயின் இறுக்கத்தைச் சோதிக்க 40 கஜ தூரத்தில் 30 அங்குல வட்டம் ஒன்றை வைப்பார்கள். நடுத்தர இறுக்கமென்றால் அறுபது விழுக்காடு ரவை அந்த வட்டத்துக்குள் விழ வேண்டும். அப்படிப் பார்த்தால் 12-க்கு 169, 20-க்கு 135, 28-க்கு 101. வட்டம் அதேதான். ரவை குறையக் குறைய நடுவில் ஓட்டைகள் பெரிதாகும். அந்த ஓட்டையில் மாட்டுகிற பறவைக்கு இறக்கையில் ஒன்று, வயிற்றில் ஒன்று படும். உயிர் போகாது.

28 கேஜும் கெட்ட துப்பாக்கி இல்லை. காடை மாதிரி சின்னப் பறவையை 20 கஜத்தில் சுட அதுவே போதும். ஃபெசன்ட் சேவலோ ஒரு கிலோவைத் தாண்டும், தூரத்திலேயே எழும்பிப் பறக்கும். அதே சமயம் அவன் தாத்தாவின் பழைய 12 மூன்றரைக் கிலோவுக்கு மேல். நாள் முழுக்கத் தூக்கி நடந்தால் கை சோர்ந்துவிடும், சோர்ந்த கையில் குறியும் தவறும். கடைசியில் "20 வாங்கு. 35 கஜத்தைத் தாண்டினா சுடாதே" என்று சொன்னேன். பழைய துப்பாக்கி ஒன்றை வாங்கிவிட்டான்.

அப்புறம்தான் எனக்குத் தூக்கம் போனது. கொல்வதற்கு நானே கருவி தேர்ந்து கொடுத்துட்டேனா? வள்ளுவர் புலால் மறுத்தலை ஓர் அதிகாரமாகவும் கொல்லாமையைத் தனியாக இன்னொரு அதிகாரமாகவும் வைத்திருக்கிறார். கொன்னாத்தான் பாவம், மத்தவங்களுக்குப் பங்கே இல்லைன்னு அவர் நம்மை விட்டுவிடவில்லை. "எனக்கு இதுல சம்பந்தம் இல்ல, நீயே பார்த்துக்கோ" என்று சொல்லியிருந்தால் என் கை சுத்தமாக இருந்திருக்கும். அவன் 28-ஐயே வாங்கியிருந்தால், புல்லில் கிடந்து துடிக்கும் பறவைக்கு என் சுத்தமான கையால் என்ன பயன்?

அப்போது கொங்கணவர் கதை ஞாபகம் வந்தது. தன் மேல் எச்சமிட்ட கொக்கை முறைத்துப் பார்த்தே எரித்தவர். மகாபாரத வனபர்வத்தில் அதே போன்ற கதை கௌசிகன் பெயரில் வரும். கோபப் பார்வையால் ஒரு கொக்கைக் கொன்ற அந்தத் தவசி, கடைசியில் தர்மம் கேட்டு நின்றது மிதிலையில் இறைச்சி விற்ற தர்மவியாதனிடம். சின்ன வயசில் சமய வகுப்பில் கேட்டபோது இதை 'எந்தத் தொழிலும் தாழ்ந்ததில்லை' என்ற பாடமாகத்தான் எடுத்துக்கொண்டேன். இப்போது வேறு ஒன்று உறுத்தியது. துப்பாக்கியே தொடாமல் பறவையைக் கொன்றவர் அந்தத் தவசி. தான் சுத்தம் என்ற நினைப்பு அவருக்குத்தான் இருந்தது.

நவம்பர் கடைசியில் ஒரு மாலை அவனோடு வயலுக்குப் போனேன். என் கையில் துப்பாக்கி இல்லை. வேடிக்கை பார்க்கத்தான் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பறவை எழும்பும்போது அது சேவல் என்று தெரிந்தால் பார்த்தவர் "ரூஸ்டர்!" என்று கத்த வேண்டும். பெட்டையைத் தவறிச் சுடாமல் இருக்கத்தான் இந்த வழக்கம். அன்றைக்கு ஏற்கெனவே இரண்டு சேவல் விழுந்திருந்தன. மூன்றாவது என் பக்கம் எழும்பியது. செம்பு நிற நெஞ்சு வெயிலில் மின்னியதும் என்னை அறியாமல் "ரூஸ்டர்!" என்று கத்திவிட்டேன். அவன் சுட்டான். பறவையின் ஒரு கால் தொங்கியது, உடம்பு சரிந்தது, தூரத்துச் சம்புப் புதருக்குள் விழுந்தது.

நாய் தேடியது. நாங்களும் தேடினோம். சில இறகுகள் மட்டும் கிடைத்தன. சூரியன் மறையும்வரை தேடிவிட்டு, சுட்ட இடத்திலிருந்து புதர் ஓரம்வரை நடந்து எண்ணினேன். 52 அடி வைப்பு. அவன் எதுவும் பேசாமல் தோட்டாவை எடுத்துவிட்டு, "இன்னைக்கு மூணு" என்றான். பையில் இருந்தது இரண்டுதான். கிடைக்காத பறவையையும் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டான்.

வண்டியில் வரும்போது, "நீ 35-ன்னு சொன்ன" என்றான்.

"கத்தினது நான்" என்றேன்.

துப்பாக்கியில் குறை இல்லை, கணக்கிலும் குறை இல்லை. 35 என்ற எல்லையைக் காக்க வேண்டியது அவன் விரல். நான் அதை மறந்ததும் ஆர்வத்தில்தான். பாவம் குறைந்த கருவியைத் தேர்ந்தெடுத்தால் பாதி வேலை முடிந்தது என்று நினைத்திருந்தேன். அப்படி எதுவும் முடியவில்லை.

ஜனவரியில் திரும்பி வந்து பேராக்கில் தாத்தாவிடம் இதைச் சொன்னேன். தாத்தா தோட்டத்து முனீஸ்வரர் கோயிலில் பல வருஷம் கிடா வெட்டியவர். பதினாறு வயசில் அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் கறியை விட்டேன். அவரிடம் ஒரு மாசம் பேசவும் இல்லை. எல்லாம் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "ஒரே வெட்டுல விழலன்னா அன்னிக்கு எனக்குச் சோறு இறங்காதுடா ஐயா. அதுக்காகவே ரெண்டு நாள் முன்னாடியே உட்கார்ந்து கத்தி தீட்டுவேன்."

எனக்கு அது தெரியாது. அந்தக் கையை மட்டும்தான் பார்த்திருந்தேன்.

"அப்போ ஏன் தாத்தா, வெட்டத்தான் வேணுமான்னு நீங்க கேட்கவே இல்ல?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "கத்தி நல்லா இருந்துச்சு. அதனால கேட்கத் தோணலையோ என்னவோ."

நண்பர்களே, எனக்குப் புரிந்தவரை இங்கே இரண்டு கேள்விகள் இருக்கின்றன. 'இதைச் செய்யலாமா?' ஒன்று. 'செய்யத்தான் போகிறார்கள் என்றால், வலி குறைய எப்படிச் செய்வது?' இன்னொன்று. நம்மைப் போன்ற இளைஞர்கள் முதல் கேள்வியில் கெட்டிக்காரர்கள். பலி வேண்டாம் என்று சுவரொட்டி ஒட்டுவோம். இரண்டாவதைக் கேட்டால் கறை படியும் என்று ஒதுங்கிவிடுவோம். தாத்தாவுக்கும் என் அறைத்தோழனுக்கும் இரண்டாவது கேள்வி அத்துப்படி. அதை நன்றாகச் செய்ததிலேயே முதல் கேள்வி அவர்களுக்குள் அடங்கிப்போனது.

மாமாக் கடையில் ஆயாம் கோரெங் சாப்பிடும்போது நம்மில் எத்தனை பேர் இந்த இரண்டில் ஒன்றையாவது கேட்கிறோம்? சைவம் என்று சொல்லிக்கொள்ளும் நானே பாலும் தயிரும் சாப்பிடுகிறேன். அந்த மாட்டுக்குப் பிறந்த காளைக்கன்று எங்கே போனது என்று இதுவரை கேட்டதில்லை.

வேட்டை தப்பு என்றுதான் இப்பவும் நினைக்கிறேன். அவனுக்குப் பதில் சொன்னதும் சரி என்றே நினைக்கிறேன். ஆனால் பதில் சொன்னதோடு "வேணாமே" என்றும் சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்லாமல் கணக்கில் மூழ்கிப்போனேன்.

இந்த அக்டோபரில் அவனிடமிருந்து செய்தி வந்தது. "35-க்கு மேல எழும்பின நாலு சேவலை விட்டுட்டேன்." "கிட்ட எழும்புறதையும் விட்டுடேன்" என்று பதில் போட்டேன். சிரிக்கும் முகம் ஒன்றை அனுப்பினான். அடுத்த அக்டோபரிலும் இதையே கேட்பேன்.