விலையும் மதிப்பும்

ஒரு பொருளின் மதிப்பு எங்கே இருக்கிறது? பழைய விளையாட்டு வீரர்களின் பட அட்டைகளையும், புகழ் பெற்றோரின் கையெழுத்துகளையும் திரட்டும் வழக்கம் உலகெங்கும் பெருவாணிபமாகிவிட்ட இந்நாளில், இக்கேள்வியை நாம் எண்ணிப் பார்ப்பது நலம்.

உழைப்பே மதிப்பைத் தருகிறது என்போமா? ஒரு நொடியில் போட்ட கையெழுத்து, ஓராண்டு உழைப்பின் கூலியைவிட மிகுதியாக விலைபோகிறது. பயனே காரணம் என்போமா? அந்த அட்டை உண்ணவும் உடுக்கவும் உதவாது. அருமையே காரணம் என்போமாயின், நம் வீட்டுக் குழந்தை முதன்முதலில் எழுதிய அகரமும் உலகில் ஒன்றே ஒன்றுதான். அதை ஏலம் கேட்க எவரும் வருவதில்லை.

இதனை ஆராயச் சாத்தூரைவிட ஏற்ற ஊர் அரிது. ஒரு காலத்தில் பேனா நிப்புக்குப் பெயர் பெற்ற ஊர் அது. உலோகத் தகட்டை வெட்டி, வளைத்து, நடுவே பிளவிட்டு, முனை தீட்டிச் சிறு பட்டறைகளில் நிப்புகளை ஆக்கினர். பால்பாயிண்ட் பேனா பரவியதும் அத்தொழில் நலிந்தது. அந்த நிப்புகளால் எத்தனையோ பேர் கையெழுத்திட்டனர். நிப்பைச் செய்தவர் பெயரோ எந்தத் தாளிலும் இல்லை.

சாத்தூர், சிவகாசி வட்டாரத்துத் தீப்பெட்டிகளின் கதையும் அதுவே. அவற்றின்மேல் ஒட்டிய வண்ணப் படங்களைத் தமிழ்நாட்டுச் சிறுவர்கள் தேடித் தேடிச் சேர்த்தனர். பின்னாளில் பபிள்கம்மோடு வந்த கிரிக்கெட் வீரர் படங்களையும் அவ்வாறே சேர்த்தனர். ஒரு மயிலுக்கு இரண்டு கிளி என்று அவர்களுக்குள் மாற்றுக் கணக்கு இருந்தது. அங்கே மதிப்பிட்டது ஆசை, பணம் அன்று.

அமெரிக்காவில் 1909 முதல் 1911 வரை சிகரெட்டுடன் வழங்கப்பட்ட பேஸ்பால் அட்டைகளில், ஹோனஸ் வாக்னர் என்னும் வீரரின் படம் விரைவிலேயே நிறுத்தப்பட்டது. தம் படத்துக்காகச் சிறுவர் புகையிலை வாங்குவதை அவர் விரும்பவில்லை என்பர். பணத் தகராறே காரணம் என்பாரும் உளர். எஞ்சிய சில அட்டைகளுள் ஒன்று 2022இல் 72 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு விற்றது. அதே ஆண்டில் மிக்கி மான்டிலின் 1952ஆம் ஆண்டு அட்டை 1 கோடியே 26 லட்சம் டாலரைத் தொட்டது.

விலை இவ்வாறு ஏறும்போது வாய்மை என்னாகிறது? மிகச் சிறந்த நிலையில் இருப்பதாகப் புகழப்பட்ட வேறொரு வாக்னர் அட்டையின் ஓரங்களை வெட்டிச் சீராக்கியதை, பில் மாஸ்ட்ரோ என்னும் ஏல வணிகர் 2013இல் ஒப்புக்கொண்டார். அழகு கூட்டிய அந்த வெட்டு, அட்டையின் வரலாற்றைப் பொய்யாக்கிவிட்டது.

கண்ணால் வேறுபாடு காண இயலாத போலிக் கையெழுத்தில் என்ன குறை? மையும் தாளும் ஒன்றே, வடிவமும் ஒன்றே. ஆனால் அம்மனிதரின் கை அத்தாளின்மேல் படவில்லை. நாம் போற்றுவது மையை அன்று. அந்தச் சந்திப்பின் சாட்சியத்தை. நபிமொழிகளைத் திரட்டிய பெரியோர் சொல்லை மட்டும் கேட்டு நிற்கவில்லை. யாரிடமிருந்து யார் கேட்டார் என்னும் அறிவிப்பாளர் தொடரையும் துருவி ஆராய்ந்தனர். சாட்சி பொய்த்தால் பொருள் வெறுங்காகிதம் என்பதற்கு இதனினும் பெரிய பாடம் வேண்டுமா?

அப்படியாயின் கையெழுத்துக்கு விலை வைப்பதே தவறா? அன்று. காந்தியடிகள் கையெழுத்துக்கு ஐந்து ரூபாய் பெற்று ஹரிஜன நிதியில் சேர்த்தார். வாங்கியவருக்கு நினைவும், இல்லாதவருக்கு உதவியும் கிடைத்தன. அங்கே விலை, மதிப்புக்கு ஊழியம் செய்தது.

இன்னொரு கணக்கும் மீதமிருக்கிறது. இவ்வட்டாரத் தீப்பெட்டித் தொழிலில் நெடுங்காலம் சிறுவர் சிறுமியரும் உழைத்தனர். சிவகாசிக் குழந்தைத் தொழிலாளரைப் பற்றிய வழக்கில், சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்று 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு சிறுவன் ஆசையோடு சேர்த்த படத்தை, அவன் வயதே உடைய இன்னொரு சிறுமி பெட்டியில் ஒட்டியிருக்கலாம். அவள் விரலும் அத்தாளில் பட்டதுதான். அதற்குச் சான்றிதழ் தருவார் யார்?

பழம்பொருளைப் போற்றுவோர் போற்றட்டும். அது மனிதனை நினைவுகூரும் நல்வழக்கமே. கையெழுத்திட்ட கரத்தை நினைக்கும்போது, நிப்பைத் தீட்டிய கரத்தையும் படத்தை ஒட்டிய கரத்தையும் சேர்த்து நினைப்போமாக. ஏலக்காரன் விலையைச் சொல்வான். மதிப்பை நாம்தாம் அறிந்து அளிக்க வேண்டும்.