மூளையின் வாட்ச்மேன்

தலைக்கு மேல் ஃபேன் ஓடும் சத்தம், நான் சொன்ன பிறகுதானே உங்களுக்குக் கேட்கிறது? அதுவரை வாசலிலேயே நிறுத்தி வைத்த மூளையின் வாட்ச்மேன்களில் முக்கியமானவர் 'காபா' என்கிற ரசாயனம். 1950-ல் மூளையில் கண்டுபிடித்தார்கள். நரம்பு செல்களிடம் 'சும்மா இரு' என்று சொல்வதுதான் உத்தியோகம். 1963-ல் வந்த வேலியம் மாத்திரை பதற்றத்தைத் தணிப்பதும் இவருக்குக் கைகொடுத்துத்தான்.

வாட்ச்மேன் அசந்துவிட்டால் குக்கர் விசில்கூட இடிதான். பதற்றத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. இருந்தாலும், பதறுகிறவரைப் பார்த்து 'மனசைத் தைரியமா வெச்சுக்கப்பா' என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். நம் தைரியத்தில் நாம் சம்பாதித்தது எவ்வளவு, காபா போட்ட பிச்சை எவ்வளவு? கணக்கு தெரியாதவரை பெருமை வேண்டாம்.

அடுத்த தடவை, உபதேசத்துக்கு முன்னால் டி.வி. சத்தத்தைக் கொஞ்சம் குறையுங்களேன்.